டாக்டரம்மாவின் துப்பாக்கி

பிப்ரவரி 9, திங்கள்

மிதுவுக்குக் காலையில் 99.4, மதியம் 100.2, இரவு 98.8. அரை இட்லி, ஒரு டம்ளர் கஞ்சி. வாந்தி இல்லை.

இப்படி எழுதி வைக்கச் சொன்னவர் குழந்தை டாக்டர். வெள்ளிக்கிழமை காய்ச்சலில் வலிப்பு வந்தது மறுபடி வரலாம், வராமலும் போகலாம், பயப்படாமல் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு வயதுக் குழந்தைக்கு என் மடியில் வைத்தே கண் மேலே செருகி, பல் கிட்டிப்போய்விட்டது. எழுதினால் பயம் குறையும் என்று அந்த டாக்டருக்கு யார் சொன்னார்களோ. மிது தூங்கிய பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் பின்னால் பையோடு வந்தார். கைத்துப்பாக்கி சுடுவதில் மாநில மெடல் வாங்கிய கை. சொந்தப் பிள்ளையைத் தூக்க நீளவில்லை.

மருந்து பாட்டில் உடைந்துவிட்டது. நாளை புதிது வாங்க வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

98.6 மூன்று வேளையும். இரண்டு இட்லி. கடவுளே.

பிப்ரவரி 14, சனி

காய்ச்சல் இல்லை. நோட்டை நிறுத்திவிடலாம். ஆனால் கை பழகிவிட்டது.

இன்று இவர் அவருடைய ஐந்து பேரையும் வெளியே எடுத்தார். ஐந்து பேர் என்றுதான் இந்த வீட்டில் சொல்வோம். ஐந்தும் பழைய பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கிகள். சண்டைக்கோ வேட்டைக்கோ செய்தவை அல்ல, அட்டையில் வட்டம் போட்டு அதன் நடுவைச் சுடுவதற்கென்றே செய்தவை. இரண்டு எங்கள் அப்பாக்களைவிட மூத்தவை. ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று சட்டத்தைக் குறைத்தபோது, வயதானவர்கள் பலர் கூடுதலாக இருந்ததை ஒப்படைக்க வேண்டி வந்தது. விளையாட்டு வீரர் என்ற சான்றிதழ் இருப்பதால் இவர் வாங்கிக்கொள்ளலாம். குன்னூர், வால்பாறை, ஈரோடு என்று போய்ப் பெண் பார்ப்பதுபோலப் பார்த்து வாங்கி வந்தார். கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டார். யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பெயர்தான். கர்னல், மில்காரர், பிளான்டர், வக்கீல், டாக்டரம்மா.

டாக்டரம்மாதான் செல்லம். குன்னூரில் தனியாக இருந்த ரிட்டயர்டு டாக்டர் ஒருவருடையது. நீளக் குழல், கைப்பிடியில் அந்த அம்மாவின் விரல்கள் பதிந்த பள்ளம். கூடவே ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய தோட்டாக்களையும் கொடுத்து அனுப்பினார்.

இரும்புப் பெட்டியின் சாவி இவருடைய அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். தோட்டாக்கள் பீரோ லாக்கரில், தனிச் சாவி. இரண்டும் ஒரே பூட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது இவர் விதி. சனி, ஞாயிறுகளில் சுடாமலே பயிற்சி செய்வார். இந்த வகைத் துப்பாக்கியில் ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காது, அடிப்பக்க விளிம்பில் அடிக்கும். உள்ளே ஒன்றுமில்லாமல் விசையை இழுத்தால் ஊசி இரும்பில் மோதிக் கெட்டுப்போகுமாம். அதனால் சுட்டு முடிந்த வெறும் கூடு ஒன்றை உள்ளே போட்டுக்கொள்வார். அறைக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்கும். மிது அவரை "டிக் அப்பா" என்பாள்.

இன்று டிக் கேட்கவில்லை. துடைத்தார், வைத்தார்.

பிப்ரவரி 18, புதன்

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. கேஸ் புக் செய்தேன்.

காலையில் இவர் சட்டையெல்லாம் காபி. டம்ளர் சூடு என்றார். நான் ஆற்றிக் கொடுத்த காபி அது.

"ஏன் என்ற கையவே பாத்துட்டிருக்கற?"

"பாக்கலீங்களே."

"பாத்தே."

சாயங்காலம் மிது காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு, தூக்கு" என்றாள். அவர் உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்து பேசினார். தூக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ஃபர்ஹானா போன் செய்தாள். கரும்புக்கடை ஏரியாப் பெண், இவரிடம்தான் சுடக் கற்றுக்கொண்டாள், போன வருஷம் நேஷனல்ஸ் போய் வந்தாள். வாயாடி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர பூட்டி வச்சுட்டீங்களா? சுடற ரேஞ்சுப் பக்கம் ஆளையே காணோம். இருபது நாளாச்சு. மார்ச் இருபத்திரண்டு டீம் செலக்சன் ட்ரையல், ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா நான் அவர் எடத்தையும் சேத்துப் புடிச்சுக்குவேன்."

சிரித்தேன். "மிதுவுக்கு முடியலைல்ல, அதான்" என்றேன்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கிட் பையோடு வண்டியை எடுக்கிறார். ஒன்பதரைக்கு வருகிறார். எங்கே போகிறார்?

வேறு பெண் இருக்கலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருந்தால் தேவலை என்று இருந்தது. அது எல்லோர் வீட்டிலும் நடப்பது. சண்டை போடலாம், அழலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இது என்னவென்றே தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஐந்தையும் துண்டின் மேல் வரிசையாக வைத்தார். என்னைக் கூப்பிட்டு எண்களைப் போனில் படமெடுக்கச் சொன்னார். இதுவரை என்னைப் பக்கத்தில் விட்டதில்லை.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இதுகள வீட்டுல வெக்கக் கூடாது. உடனே ஸ்டேஷன்ல சொல்லோணும். டாக்டரம்மாவ மட்டும் ஃபர்ஹானாவுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லு. மத்தது கடைக்கு."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுங்க இது?"

"போச்சாது, பரவால்ல. எழுதி வச்சுக்க."

எழுதி வைத்திருக்கிறேன். லைசென்ஸ் விஷயத்தில் இவர் எப்போதும் கெடுபிடி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 25, புதன்

மெஷின் சரியாகவில்லை. கையால் துவைத்தேன். இவருடைய டிராக் பேண்ட் பாக்கெட்டில் ஒரு தோட்டா. பச்சை பூத்த பழைய தோட்டா, டாக்டரம்மாவின் டப்பாவில் இருப்பவை போல. முனையில் ஈயம் அப்படியே இருக்கிறது. அடிப்பக்க விளிம்பில் மட்டும் நகத்தால் அழுத்தினாற்போல ஒரு சின்னப் பள்ளம்.

மிது கைக்கு எட்டாமல் மருந்து டப்பாவில் போட்டு, மேல் தட்டில் வைத்தேன். இவரிடம் கேட்கவில்லை. மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஃபர்ஹானா மிதுவைப் பார்க்க வந்தாள். கொய்யாப்பழம், ஒரு பொம்மை. இவர் வீட்டில் இல்லை. மிதுவைத் தலைகீழாகத் தூக்கி, "உங்கப்பனவிட எனக்கு ஸ்கோர் ஜாஸ்தி, தெரியுமாடி?" என்று கிச்சுகிச்சு மூட்டினாள்.

டீ கொடுத்துவிட்டு அந்தத் தோட்டாவைக் காட்டினேன். "இது சுட்டதா, சுடாததா? குப்பையில போடலாமா?"

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விளிம்புப் பள்ளத்தை விரலால் தடவினாள்.

"எங்கிருந்துக்கா?"

"துணி துவைக்கறப்ப."

"அக்கா, இது அடிச்சும் வெடிக்காத ரவுண்டு. இந்தப் பள்ளம் ஊசி அடிச்சது. யாரோ லோடு பண்ணி, விசைய இழுத்திருக்காங்க. பழசு, அதனால வெடிக்கல."

"ரேஞ்சுல ஆயிருக்கும்."

"ரேஞ்சுல ஆனா அசையாம நின்னு கையத் தூக்கோணும். ஆபீசர் வருவாரு, அவரே வெளிய எடுத்து, அதுக்குன்னு இருக்கற டப்பால போடுவாரு. யாரும் பாக்கெட்டுல போட்டுட்டு வரமாட்டாங்க. அதுவும் எங்களுக்கெல்லாம் காதத் திருகி இதச் சொல்லிக் குடுத்ததே அண்ணாதான்."

"வேற எங்காச்சும் பழகியிருப்பார்."

"வேற எங்கக்கா?"

"எனக்கென்ன தெரியும், உங்க சுடற ஆளுங்க விஷயம்."

அவள் கண் கலங்கிவிட்டது. டீ ஆறிவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்று எழுந்து போனேன். டீத்தூள் டப்பாவைத் திறக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மிது 98.4.

மார்ச் 1, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது கேட்டுவிடுவது என்று இருந்தேன். காலையிலிருந்து வாக்கியத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். "உங்க பேண்ட்ல ஒண்ணு கெடச்சுது." அவ்வளவுதான் வாக்கியம்.

"உங்க..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குப் பொரியல் வெக்கட்டுங்களா?"

வைத்தேன். ஸ்பூனால் சாப்பிட்டார். இடது கையால். எத்தனை நாளாக இப்படி?

மார்ச் 2, திங்கள்

இவர் குளிக்கும்போது கிட் பையைத் திறந்தேன். காது மூடி, கண்ணாடி, துண்டு. அடியில் ஒரு ஃபைல். நரம்பு டாக்டர், ஜனவரி 19. கை நடுக்கம், வலது கையில் அதிகம், உயிருக்கு ஆபத்தில்லாத வகை, போகப் போகக் கூடலாம். ஒரு அட்டை மாத்திரை. பத்தில் ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

மாத்திரைதானே! போட்டால் சரியாகிவிடுமே! நடுச் சமையலில் ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்து ஃபர்ஹானாவுக்குப் போன் செய்தேன். பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னாள்.

"அது எங்களுக்குத் தடைக்கா. அதப் போட்டா கை ஆடாது, இதயம் மெதுவாத் துடிக்கும். அதனாலயே சுடறவங்க போடக் கூடாது. ஊக்கமருந்து டெஸ்ட்ல வந்துரும்."

"அப்ப போடாம இருந்தா?"

"நடுங்கும். சுட முடியாது."

"போட்டா?"

"நடுங்காது. ஆனா சுட விடமாட்டாங்க."

இரண்டு பக்கமும் சுவர். இவர் நடுவில் நின்றிருக்கிறார், ஜனவரியிலிருந்து, தனியாக. நான் பொரியல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள்! தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லோரும் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை திரும்பக் கிடைக்காது. டிவிக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். இதுவரை எந்தக் கட்சிக்கும் நான் இப்படிக் கும்பிட்டதில்லை.

"எப்பங்க கொண்டு போய்க் குடுக்கோணும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு விலக்கு இருக்குதே. போட்டிக்குப் போறவங்களுக்கு அசோசியேஷன் லெட்டர் குடுத்துருவாங்க. ட்ரையல் வரைக்கும் என்றகிட்டத்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "ட்ரையல் வரைக்கும்தான்" என்றார்.

மிது டிவி ரிமோட்டை எடுத்து என்னைப் பார்த்து "டிக்" என்றாள். அடித்துவிட்டேன். இதுவரை அடித்ததில்லை. அவள் அழுது ஓய அரை மணி நேரம். எனக்கு இன்னும் ஓயவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா தெரியாது.

இவர் குளிக்கப் போனபோது பர்ஸிலிருந்து லாக்கர் சாவியை எடுத்தேன். டாக்டரம்மாவின் டப்பா, இரண்டு புதுப் பெட்டி, எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் கொட்டி, துணி ஊறப்போட்டதுபோல மேலே மிதுவின் சட்டைகளைப் போட்டேன். மறுபடி அவர் வெளியே போன நேரத்தில் எடுத்து, துடைத்து, அதேபோல அடுக்கிவிட்டேன். எடுத்து ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவார், கடையில் புதிதாகவும் வாங்குவார். நனைந்தது தெரியாது. இப்போது எதுவும் வெடிக்காது.

ஒரு வாரத்தில் இன்றுதான் சாப்பாடு இறங்கியது.

மார்ச் 6, வெள்ளி

பெருமையாக ஃபர்ஹானாவிடம் சொன்னேன்.

"ஐயோ அக்கா! நீங்க கெமிஸ்ட்ரிதானே படிச்சீங்க?"

"எம்.எஸ்சி."

"காலேஜ்ல சொல்லாதீங்க, சர்டிபிகேட்டத் திரும்பக் கேப்பாங்க. ரவுண்டு என்ன ஊறுகாயா, ஊறி வர? இறுக்கிப் பிடிச்சு, மேல மெழுகு பூசியிருப்பாங்க. மழைல நனைஞ்சதெல்லாம் சுட்டிருக்கோம். பழசுல சிலது போயிருக்கும், சிலது போயிருக்காது. எதுன்னு இப்ப யாருக்கும் தெரியாது."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

"நீ ஒருவாட்டி பேசிப் பாரேன்" என்றேன்.

"பேசுனேன். உக்கடம் குளத்துமேட்டுல வண்டி நின்னுது, நேத்து போய்ப் பாத்தேன். தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. 'உன் ஸ்கோரப் பாத்துட்டுப் போ'ன்னுட்டாரு."

"போலீஸ்ல சொல்லட்டா?"

"வேண்டாம்க்கா. காரணத்தோட எழுதிக் குடுத்தா லைசென்ஸ் போயிரும். அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்காது. கோச்சா இருக்கறதுக்கும் விடமாட்டாங்க. துப்பாக்கி இல்லேன்னா அண்ணாவுக்கு என்னக்கா இருக்கு?"

நான் இருக்கிறேன், மிது இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

மிதுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், தமயந்தி என்று பலகை. விலக்கு லெட்டர் வந்தாலும் எங்கள் துப்பாக்கிகளைத் தேர்தலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

"எலெக்‌ஷன் வந்தாப் போதும், துப்பாக்கியத் தரமாட்டேன்னு எம்மேல பாயறதுக்குப் பத்துப் பேரு வருவாங்க. வாங்கிக்கங்கன்னு வந்த மொத ஆள் நீதாம்மா. எதுக்கு?"

"சின்னக் குழந்தை இருக்குதுங்க மேடம்."

"பெட்டியில பூட்டித்தானே இருக்கு?"

"ஆமாங்க."

என்னையே பார்த்தார். "குழந்தைக்குப் பயமா, வேற யாருக்காச்சும் பயமா?"

நான் மிதுவின் சாக்ஸைச் சரி செய்தேன்.

"விலக்கு இருக்கறவர்கிட்ட வாயால சொல்லி வாங்க முடியாது. எழுதிக் குடு, இப்பவே ஆள் அனுப்பறேன். ஆனா நெஜத்த எழுதோணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நல்ல நாள்.

இவர் காலையில் எங்கும் போகவில்லை. ஒழுகிய குழாயைச் சரி செய்தார். மெஷினுக்கு ஆள் கூட்டி வந்தார். மிதுவைப் பார்க்குக்கு நடத்திக் கூட்டிப் போனார். பேங்க் பாஸ்வேர்டு, இன்சூரன்ஸ் காகிதம், எல்லாம் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினார். அத்தைக்கு, இவருடைய அம்மாவுக்கு, போன் செய்து பதினைந்து நிமிஷம் பேசினார், வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார். முகம் தெளிவாக இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். கேரட் அல்வா செய்தேன்.

மார்ச் 11, புதன்

நேற்று எழுதியதை இப்போது படித்தேன். பாஸ்வேர்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரியும். பேண்ட் பாக்கெட்டில் தோட்டாவை எடுத்த அன்றே தெரியும். பொம்மையைத் துணிக்கடியில் ஒளிக்கிற மிது மாதிரி இந்த நோட்டிலும் ஒளித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மருந்து பாட்டில் தானாக உடையவில்லை. மிதுவுக்கு வலிப்பு வந்தபோது மருந்தை ஊற்றச் சொல்லி இவரிடம்தான் கொடுத்தேன். மூடியைத் திருகினார். கை உதறியது, பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது. நான் கத்தினேன். "உனக்கெல்லாம் கைன்னு ஒண்ணு எதுக்குடா?"

உனக்கு. டா. ஐந்து வருஷத்தில் ஒருநாளும் அப்படி நான் பேசியதில்லை. அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். மிதுவின் காலில் குத்திவிடக் கூடாதென்று ஒவ்வொன்றாக, அந்தக் கையால்.

பிப்ரவரி ஆறு. இவர் விசையை இழுத்தது அதற்கு முன்பா பின்பா என்று தோட்டாவிடம் கேட்க முடியாது. எதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். விடிந்தால் போகிறேன்.

மார்ச் 12, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டேஷனிலேயே, மேஜை ஓரத்தில், அவர்கள் தந்த தாளில். "என் கணவர் நவநீதன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள ஒருமுறை முயன்றிருக்கிறார் என்று நம்புகிறேன். மறுபடியும் முயல்வார் என்று அஞ்சுகிறேன். அவருடைய ஐந்து கைத்துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தாரிணி." தோட்டாவையும் மேஜையில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். குரல் மாறியிருந்தது. "துப்பாக்கிய வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காத கண்ணு. ஆளத் தனியா விடாத. நாளைக்கே மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னா எனக்குப் போன் பண்ணு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஜீப்பிலேயே வந்தேன். எங்கள் தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. இவர் கதவைத் திறந்தார். என்னை, மிதுவை, பின்னால் காக்கிகளை வரிசையாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கடிதத்தைக் காட்டினார். என் கையெழுத்தை இவர் கடைசி வரிவரை படித்தார். மறுக்கவில்லை. "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க முடியவில்லை. முடிச்சில் விரல் நிற்கவில்லை. நான் கிட்டப் போனேன். "தொடாத" என்றார். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி அறுத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, உள்ளே வெறுமையென்று காட்டி வைத்தார். கர்னல். மில்காரர். பிளான்டர். வக்கீல். ஸ்டேஷன் ரைட்டர் எண்களை எழுதிக்கொண்டார். டாக்டரம்மாவை எடுத்தபோது கை ஆடியது, குழல் மேஜையில் டகடகவென்று தட்டியது. கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கி, "சார், மெதுவா, கீழ வச்சிருங்க சார்" என்றார். அவ்வளவு பேர் முன்னால். இவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

"எண்ணெய் போடாம வெச்சா துரு ஏறிரும் மேடம்."

"லத்திக்கே துருப்பிடிக்கற ஸ்டேஷன் சார் இது. கடை லாக்கருக்கு அனுப்பிடறேன், கவலப்படாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

படுக்கையறை, குளியலறைத் தாழ்ப்பாள்களை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிவிட்டேன். ஃபர்ஹானா வந்து மாடிக் கதவைப் பூட்டினாள். என்னிடம் பேசவில்லை. ஆனால் வந்தாள்.

மார்ச் 16, திங்கள்

இன்றுதான் நேரம் கிடைத்தது, மனநல டாக்டரிடம் போனோம். எல்லாக் கேள்விக்கும் ஒரு சொல் பதில். ஒரு கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு தடவை" என்றாராம். டாக்டர் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். நான் ஒரு தடவை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

பேசவில்லை.

மார்ச் 19, வியாழன்

லைசென்ஸை நிறுத்தி வைத்து நோட்டீஸ் வந்தது. வாங்கி மேஜையில் வைத்தேன். படித்தார். பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார். மிதுவோடு மட்டும் பேச்சு. நான் அறைக்குள் போனால் அதுவும் நின்றுவிடும்.

அத்தை வந்திருக்கிறார்கள். "புருஷனப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்த மவராசி" என்றார்கள் அடுப்படியில், மெதுவாக, எனக்குக் கேட்கும்படி. பிறகு இரவெல்லாம் அவர் கட்டிலருகில் பாய் போட்டுப் படுத்தார்கள், அவர் கைலியின் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு.

மார்ச் 22, ஞாயிறு

ட்ரையல். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். மதியம் ஃபர்ஹானா தேர்வானதாகச் செய்தி அனுப்பினாள். காட்டினேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாள் முடிந்தது. முடிந்துவிட்டது.

மார்ச் 25, புதன்

சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். அத்தை மிதுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இவர் வந்து நின்றது தெரிந்தது. கஞ்சி கையில் கொட்டிவிடாமல் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நீ பண்ணது துரோகம்."

பதின்மூன்று நாளில் முதல் பேச்சு.

"ஆமாங்க."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. ஊரக் கூட்டி, ஜீப்புல வந்து..."

"ஆமாங்க. கேட்டிருக்கலாம். பயந்துட்டேன்."

"அந்த அஞ்சும் போச்சு. பேரு போச்சு. நாளைக்கு ரேஞ்சுப் பக்கம் தலையக் காட்ட முடியாது." மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் நின்றது. இத்தனை நாளும் அந்த முகத்தில் ஒன்றுமே இருந்ததில்லை. இன்று கோபம் இருந்தது. "உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன் தாரிணி. வாழ்நாள் பூரா மன்னிக்க மாட்டேன்."

வாழ்நாள் பூரா.

நான் மேடையைப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவருக்கு முப்பத்து நான்கு. எழுபது, எழுபத்தைந்து என்று வைத்தாலும், எத்தனை வருஷம்.

"சரிங்க" என்றேன். "வாழ்நாள் பூரா."